ஃப்யூஸ் மாற்றுவது ரிப்பேர் ஆகாது



ஆண்டு மலர் என்றாலே கவிதையும் கல்லூரி நினைவுகளும்தான். நான் எழுதப் போவது ஒரு செத்துப்போன ரெசிஸ்டரைப் பற்றி. தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

முதலில் ஒரு கேள்வி. லேபில் நீங்கள் எப்போதாவது ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததுண்டா? நான் கண்டுபிடித்ததில்லை. பவர் சப்ளை பரிசோதனைக்கு ரெடிமேட் போர்டு. படத்தில் உள்ளபடி ஒயரைச் சொருகு, ரீடிங் எடு, கிராஃப் போடு, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கு. போர்டு வேலை செய்யாவிட்டால் "வேற போர்டு எடுத்துக்கோடா" என்று ஒரு குரல் வரும். அந்தக் கெட்டுப்போன போர்டுதான் நமக்குப் பாடம் சொல்லியிருக்கும். அதைத்தான் பீரோவில் பூட்டி வைக்கிறோம்!

எனக்கு இது உறைத்தது பென்னாகரத்தில், சென்ற கோடை விடுமுறையில். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், லைசென்ஸ் பெற்ற ஹாம் ரேடியோக்காரர். இளம் வயதில் தன் கையாலேயே செய்த வால்வு டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். கடைசி வால்வு 807. உலகப் போர்க்கால ராணுவ செட்டுகளில் இருந்து, போருக்குப் பின் பழைய சாமான் கடை வழியாக நம்மூர் ஹாம்களின் கைக்கு வந்த வால்வு அது. தலையில் தொப்பி மாதிரி ஒரு முனை இருக்கும். அங்கேதான் ஹை வோல்டேஜ்.

"ஸ்விட்ச் போட்டா ஃப்யூஸ் போகுது தம்பி. பாக்குறியா?" என்றார்.

டிப்ளமோ படிக்கிறவன் ஆயிற்றே, மறுப்பேனா? முதலில் 5யூ4 ரெக்டிஃபையர் வால்வைப் பிடுங்கிவிட்டு ஸ்விட்ச் போட்டேன். ஃப்யூஸ் நின்றது, மற்ற வால்வுகளின் ஹீட்டர் சிவந்தது. டிரான்ஸ்பார்மர் நன்றாக இருக்கிறது, கோளாறு ரெக்டிஃபையருக்கு அப்பால் என்று புரிந்தது. பில்டர் கண்டென்சரில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய ஷார்ட். 600 வோல்ட் கண்டென்சர். அது இப்போது எங்கே கிடைக்கும்? 22 மைக்ரோபாரட், 450 வோல்ட் கண்டென்சர் இரண்டை தர்மபுரியில் வாங்கி சீரிஸில் போட்டேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும், அப்போதுதான் வோல்டேஜ் சமமாகப் பிரியும் என்று பெரியவர் சொன்னார். "நாளைக்குப் போட்டுக்கலாம் ஐயா" என்றேன். அது என் தப்பு.

டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் ஹைடென்ஷன் ஒயரைக் கழற்றிவிட்டு, 60 வாட் சீரிஸ் பல்ப் வழியாக கரண்ட் கொடுத்தேன். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கியது. நல்ல அடையாளம். பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். மீட்டரில் 690 வோல்ட்! எனக்கு ஒரே சந்தோஷம். பிளக்கைப் பிடுங்கி, மீட்டரையும் எடுத்துவிட்டு, இரண்டு நிமிஷம் கழித்து ஒயரைப் பிடித்தேன். இன்னொரு கை சேசிஸ் மேல்.

அப்புறம் நான் சுவரோரம் கிடந்தேன். நண்பர்களே, 11 மைக்ரோபாரட்டில் 690 வோல்ட் என்றால் சுமார் இரண்டரை ஜூல். ஃபார்முலாவைப் பரீட்சையில் எழுதியவன்தான் நான். அது என் நெஞ்சுக் கூட்டின் குறுக்கே போகும் என்று எந்த வினாத்தாளும் கேட்கவில்லை. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "கரண்ட் அடிச்சி சாவறதுக்கா உன்ன படிக்க வெச்சோம்?" என்று அம்மா அழுதாள். அந்த வீட்டுப் பக்கமே போகாதே என்றார் அப்பா. மூன்று நாள் போகவில்லை.

அந்த மூன்று நாளில் கணக்குப் போட்டேன். டிரான்ஸ்பார்மர் 500-0-500. சோக் முதலில் வரும் பில்டர். லோடு இருந்தால் 500-ல் சுமார் 0.9 பங்கு, அதாவது 450 வோல்ட்தான் வர வேண்டும். லோடே இல்லாவிட்டால் உச்ச அளவான 707-ஐ நோக்கி ஏறும். அப்படியென்றால் 690-ஐப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது, பயந்திருக்க வேண்டும். எப்போதும் லோடாக நிற்க வேண்டிய பிளீடர் ரெசிஸ்டர் எங்கே?

இருந்தது. பச்சை நிறத்தில், வெளியே ஒரு கீறல் இல்லாமல். மீட்டர் வைத்தால் உள்ளே கம்பி அறுந்து ஓப்பன். கதை முழுவதும் தெரிந்துவிட்டது. பிளீடர் போனதால் மோர்ஸ் கீயை விடும்போதெல்லாம் வோல்டேஜ் ஏறியது. 600 வோல்ட் கண்டென்சர் தாங்காமல் செத்தது. கண்டென்சர் செத்ததால் ஃப்யூஸ் போனது. ஃப்யூஸை மட்டும் பார்த்தால் கண்டென்சர் தெரியாது. கண்டென்சரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை என் கையே சொல்லும்.

10 கிலோ ஓம், 50 வாட் பிளீடர் புதிதாகப் போட்டோம். அதில் எப்போதும் 20 வாட் சூடாகும், அதனால் தாராளமாக எடுத்தோம். விட்டுப்போன சின்ன ரெசிஸ்டர்களையும் போட்டேன். இப்போது ஸ்விட்சை அணைத்ததும் ஒரு நொடிக்குள் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் காய்ந்த மரக்கட்டையில் கட்டிய ஒயரால் சேசிஸோடு தொட்டுப் பார்க்காமல் கை வைப்பதில்லை. இடது கை பாக்கெட்டில்.

"வால்வு எல்லாம் இன்டர்வியூல கேப்பாங்களாடா? பிஎல்சி படி" என்கிறான் ஹாஸ்டல் நண்பன். அவன் சொல்வதில் பாதி நியாயம். வேலைக்கு பிஎல்சி வேண்டும்தான். ஆனால் கடுகு அளவு ஐசிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா? இந்த செட்டில் ஒவ்வொரு பார்ட்டையும் விரலால் சுட்டலாம், ஒவ்வொரு முனையிலும் மீட்டர் வைக்கலாம். அறிகுறியிலிருந்து காரணத்துக்கு நடந்து போகும் பழக்கம் பிஎல்சி பேனலுக்கும் அதேதான்.

இன்னொன்று. 1924-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பு தொடங்கியபோது கையில் இருந்தது வெறும் 40 வாட் டிரான்ஸ்மிட்டர். ஆர்வலர்கள் கூடி நடத்தியதுதான். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, அங்கே தற்செயலாக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் ரேடியோதான் தீவுக்கும் வெளியுலகுக்கும் செய்தி கொண்டுபோனது. அது வால்வு செட் அல்ல. ஆனால் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. காவிரியில் வெள்ளம் வந்தால் ஒகேனக்கலில் பரிசலை நிறுத்துகிறோம். டவர் நின்றால் நம் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு என்ன வழி?

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் லேபைத் திறந்து வையுங்கள். பீரோவில் பூட்டிய கெட்ட போர்டுகளை வெளியே எடுங்கள். ஹாம் லைசென்ஸ் பரீட்சைக்கு 12 வயது நிரம்பினால் போதும், நாம் எல்லோருமே எழுதலாம். லைசென்ஸ் வரும்வரை ஆண்டெனா கிடையாது, கேட்பது மட்டும்தான்.

பெரியவர் தன் செட்டை நமக்கே கொடுத்துவிடுகிறேன் என்கிறார். டம்மி லோடாகப் போட்ட பல்ப் முதன்முதல் மஞ்சளாக எரிந்த அன்று, மோர்ஸ் கீயில் கை வைத்தபடியே அதைச் சொன்னார். நம்மிடம் மேசைதான் இல்லை. எர்த் உள்ள பிளக் பாயிண்ட் பக்கத்தில் ஒரு மர மேசை. ஏற்பாடு செய்வீர்களா?