போர்க் கப்பலுக்குத் தீனி போடுவது யார்?



பொல்லாத ஆளைக் கண்டால் "அவன் சரியான எம்டன்" என்கிறோம். அந்தப் பேச்சு பிறந்தது 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ந் தேதி இரவில். எம்டன் என்ற ஜெர்மன் யுத்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எதிரே நின்று குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கடலுக்கே எஜமானன் என்று மார்தட்டிய பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் கையைப் பிசைந்து நின்றது.

ஆனால் எம்டனுக்கும் வயிறு உண்டு. பகைவனின் கடலில் தன்னந்தனியாகத் திரிந்த அந்தக் கப்பல் நிலக்கரி இல்லாமல் நகராது. அந்த மாதக் கடைசியில் அது 'பியூரெஸ்க்' என்ற ஆங்கிலேயக் கரிக் கப்பலைப் பிடித்தது. பிரிட்டிஷ் கடற்படைக்காக வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி வெட்டிய கரி, பிரிட்டனின் பகைவனுக்கே தீனியாயிற்று! அக்டோபரில் டீகோ கார்சியா தீவில் ஒதுங்கி அந்தக் கரியை ஏற்றிக்கொண்டார்கள். நவம்பர் 9ந் தேதி, கோகோஸ் தீவருகே எம்டன் மறுபடியும் கரிக் கப்பலுக்காகக் காத்திருந்தது. தூரத்தில் புகை தெரிந்தது. வந்ததோ ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க் கப்பல்! எம்டன் கதை அன்றோடு முடிந்தது.

பாடம் என்ன? பீரங்கி எத்தனை இருந்தாலும் தீனி இல்லாவிட்டால் போர்க் கப்பல் வெறும் இரும்பு.

இன்று ஏவுகணைக் காலம். கூட்டமாக நின்றால் அழிவு என்று கப்பல்களைக் கடலெங்கும் பிரித்து நிறுத்துகிறார்கள். பிரிந்து நிற்கும் ஒவ்வொன்றுக்கும் எண்ணெயும் உணவும் குண்டும் போய்ச் சேர வேண்டும். சப்ளைக் கப்பலும் போர்க் கப்பலும் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே, வடம் கட்டிக் குழாய் போட்டு எண்ணெயை மாற்றும். அந்நேரம் இரண்டும் நினைத்தபடி திரும்ப முடியாது. ஆகவே பகைவன் முதலில் குறிவைப்பது சப்ளைக் கப்பலை. அடுத்து, அதைப் பராமரிக்கும் கரையை.

அந்தக் கரை எது? எண்ணூருக்கு வடக்கே உள்ள நம் காட்டுப்பள்ளி!

2022 ஆகஸ்ட் 7ந் தேதி எல் அண்டு டி கப்பல் தளத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' பழுதுபார்க்க வந்தது. வெடிமருந்தும் உணவும் எரிபொருளும் சுமந்து, நடுக்கடலில் போர்க் கப்பல்களுக்கு வழங்கும் கப்பல் அது. 2023 மார்ச்சில் அதே ரகத்தைச் சேர்ந்த 'மாத்யூ பெர்ரி' வந்தது. அந்த ஜூனில் பழுதுபார்ப்பு ஒப்பந்தமே கையெழுத்தாயிற்று. இதற்கெல்லாம் கதவு திறந்தது, 2016 ஆகஸ்டில் இரு சர்க்கார்களும் செய்துகொண்ட தளவாட வசதி ஒப்பந்தம்.

"ராணுவத் தளம் கொடுக்கவில்லை; காசுக்கு வேலை செய்கிறோம். ஜனங்களுக்குப் பிழைப்புதானே?" என்கிறார்கள். பிழைப்பு வேண்டும்; வெல்டிங் தொழிலாளியின் கூலியை நாம் தட்டிப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் 1971 டிசம்பரில், வங்கதேச விடுதலை யுத்தத்தின்போது, இந்தியாவை மிரட்ட 'என்டர்பிரைஸ்' கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பியது எந்த நாடு? எம்டன் ஒதுங்கிய அதே டீகோ கார்சியாவில், தென்னந்தோப்புக் கூலிகள் பிரிட்டனால் விரட்டப்பட, அங்கே தளம் அமைத்தது எந்த நாடு? அந்த நாடு நாளை யார்மீதோ யுத்தம் தொடுத்தால், அதன் கப்பலுக்குத் தீனி போட்ட கரையைப் பகைவன் சும்மா விடுவானா?

1914ல் எரிந்தவை சில எண்ணெய்த் தொட்டிகள். இன்று மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அத்திப்பட்டில் அனல் மின்நிலையம் இருக்கிறது. இவற்றைச் சுற்றி நம் பிள்ளைகள் உறங்குகிறார்கள்.

வேலைக்கு வழி இல்லாமலா போயிற்று? 2023 ஆகஸ்டில் நம் கடற்படைக்கே ஐந்து சப்ளைக் கப்பல்கள் கட்ட, விசாகப்பட்டினத்தின் பொதுத்துறைத் தளத்துக்குச் சுமார் 19,000 கோடி ரூபாய் ஆர்டர் போயிற்று. அத்தகைய வேலை வடசென்னைக்கும் வரட்டும்!

அந்நிய ராணுவக் கப்பல் எது வந்தாலும் பார்லிமெண்டில் சொல்ல வேண்டும். யுத்தத்தில் இறங்கிய நாட்டின் கப்பலுக்கு இங்கே இடம் கூடாது. கப்பலைத் தொடும் கை நம் கை. குண்டு விழுந்தால் வேகும் உடலும் நம் உடல். கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இல்லாமல் வேறு யாருக்கு?