மூச்சு மட்டுமா முனிவர் மொழிந்தது?

புத்தர் கற்பித்த தியானம் மூச்சை நோக்குவது ஒன்றே என்றும், உள்ளத்தில் உருவங்களை எழுப்பிக் காணும் பயிற்சி யாவும் பிற்காலத்தார் புகுத்திய மாசு என்றும் நம் மேடைகளில் அடித்துப் பேசுகின்றனர். கேட்கும் மாணவரும் அதனை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். பாலி மூலநூல்களைப் புரட்டிய எவரும் இவ்வுரையை ஏற்கமாட்டார்.

மச்சிம நிகாயத்துச் சதிப்பட்டான சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். உடலை நோக்கும் பகுதி மூச்சிலேதான் தொடங்குகிறது, ஐயமில்லை. நெடுமூச்சை நெடுமூச்சென்றும் குறுமூச்சைக் குறுமூச்சென்றும் அறியச் சொல்கிறது. ஆனால் அப்பகுதி எங்கே முடிகிறது? இடுகாட்டில் முடிகிறது! வீங்கி நீலம்பாரித்த பிணம் முதலாக, எலும்பு உளுத்துப் பொடியாவது ஈறாக ஒன்பது நிலைகளைக் கூறி, அவற்றைக் கண்டாற்போலத் தன் உடலோடு ஒப்பிடுமாறு துறவியைப் பணிக்கிறது. ‘போல’ என்னும் அச்சொல்லை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். கண்முன் இல்லாததை அகத்தே காண்பதற்கு அச்சொல்லே இடந்தருகிறது.

எதிர்ப்பக்கத்தார் கையில் வலிய சான்று ஒன்று உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. வைசாலியில் உடலின் அருவருப்பை நினைந்து தியானித்த துறவியர் பலர், தம் உடலையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டனர் எனச் சம்யுத்த நிகாயமும் விநய நூலும் கூறுகின்றன. அரைத்திங்கள் தனித்திருந்து மீண்ட புத்தர், சங்கம் குறைந்திருக்கக் கண்டு காரணம் வினவினார். பின்னர் மூச்சுத் தியானத்தை உரைத்தார். முன்னதைப் புகழ்ந்துரைத்தவரும் அவரே என்பதை அந்நூல்கள் மறைக்கவில்லை. ஆதலின் உருக்காட்சி கைவிடப்பட்டது என்பர். இல்லை! மேகியர் என்னும் துறவிக்கு அவர் வகுத்த முறையில், காமத்தை நீக்க அருவருப்பு நினைவு, பகையை நீக்க அன்பு, அலையும் எண்ணத்தை அறுக்க மூச்சு, ‘நான்’ என்னும் செருக்கைக் களைய நிலையாமை என நான்கும் ஒருங்கே நிற்கின்றன. ஒரே பாடத்தை எல்லா வகுப்புக்கும் நடத்துவோர்க்கு இது விளங்குவது அரிதுதான்.

இனி, மூச்சே தூய முறை என்போர் செய்வதென்ன? ஒன்று முதல் பத்துவரை எண்ணச் சொல்கின்றனர். ஆனாபானசதி சூத்திரத்தின் 16 படிகளில் எண்ணிக்கை எங்கே இருக்கிறது? ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணுக என்பது, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம் தரும் விதி. அந்நூலேதான் 40 தியானப் பொருள்களை விரித்து, அகத்தே உருவாகப் பதியும்வரை உற்றுநோக்கும் மண்வட்டத்திற்கு ஒரு சாணும் நான்கு விரலும் அளவு குறிக்கிறது. எண்ணிக்கையைக் கொண்டு வட்டத்தைத் தள்ளுவது எந்த நியாயம்? கசிணம் எனப்படும் அத்தகைய பொருள்கள் பத்தின் பெயர்களோ நிகாயங்களிலேயே உள்ளன. எண்ணச் சொல்லும் அன்பர்கள் மகாசகுலுதாயி சூத்திரத்தில் அவற்றைத் தேடிப் பார்க்கலாம்.