கணினியும் நாமும்: எந்த எண்ணை நம்புவது?



கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தங்கச்சி போன் எடுத்தார். 2010 இல் வன்னியில் இருந்து வந்தவர். வீட்டில் தமிழ் ரைப் செய்து பிழைக்கிறார். காப்பை அடைவு வைத்துப் பழைய கணினி ஒன்று வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா, கேஷ் எண்டு ஓரிடத்திலை 128, இன்னோரிடத்திலை 32 காட்டுது. ஏமாத்திப்போட்டினமோ? ஒரு கிழமைக்குள்ளை எண்டால்தான் மாத்தித் தருவினமாம்."

பின்னேரமே வெள்ளவத்தையில் இருந்து பஸ் ஏறினேன்.

கேஷ் என்பதைப் பாடநூலில் பதுக்கு நினைவகம் என்பார்கள். சமைக்கும்போது அடுப்படியில் கைக்கெட்டும் உப்புச்சிரட்டை மாதிரி. றாம் என்பது குசினி அலுமாரி. ஹாட் டிஸ்க் சந்தைக் கடை. அடிக்கடி தேவைப்படுவதைப் புரொசசர் தன் சிரட்டையிலேயே வைத்துக்கொள்கிறது. முதல் மட்டம் மிகச் சிறியது, இரண்டாம் மட்டம் சற்றுப் பெரியது.

128 ஐக் காட்டியது விண்டோஸின் டாஸ்க் மனேஜர். 32 ஐக் காட்டியது சிபியு-இஸெட் என்ற இலவச மென்பொருள். இரண்டும் சரிதான். இந்தப் புரொசசருக்குள் இரண்டு கோர்கள். ஒவ்வொன்றிலும் தரவுக்கு 32 கிலோபைற், கட்டளைக்கு 32 கிலோபைற். சிபியு-இஸெட் பிரித்துச் சொல்கிறது, டாஸ்க் மனேஜர் கூட்டிச் சொல்கிறது. இதில் களவு இல்லை.

என் கண்ணில் குத்தியது வேறு. பற்றுச்சீட்டிலும் விண்டோஸிலும் கோர் 2 டுவோ ஈ7500 என்று இருந்தது. அதற்கு இரண்டாம் மட்டக் கேஷ் 3 மெகாபைற் இருக்கவேண்டும். இங்கே டாஸ்க் மனேஜர் 2 என்றது. சிபியு-இஸெட் 2048 கிலோபைற் என்றது; அதுவும் 2 மெகாபைற்தான். விண்டோஸில் தெரியும் பெயரை வேறொருவர் மாற்றி எழுதிவைக்கலாம். சிபியு-இஸெட் சிப்பையே நேரே கேட்கிறது. அதில் வந்த பெயர் பென்டியம் ஈ5300. கணினியை நிறுத்திப் போட்டோம். தொடக்கத் திரையிலும் அதே பெயர்.

(மிகப் பழைய கணினிகளில் பயோஸுக்குள் கேஷை நிறுத்திவைக்கும் ஒரு தெரிவும் உண்டு. தவறுதலாக நிறுத்தினால் கணினி தவழும். இங்கே அது இல்லை.)

பெட்டியைத் திறந்து பார்ப்போமா என்று தங்கச்சி கேட்டார். உத்தரவாத ஸ்ரிக்கர் கிழிந்தால் கடைக்காரருக்குச் சாட்டு ஆகிவிடும். திரைகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பற்றுச்சீட்டோடு மறுநாள் கடைக்குப் போனோம்.

அவரே திறந்தார். விசிறியைக் கழற்றிப் பசையைத் துடைத்ததும் சிப்பின் தகட்டில் 2.60, 2எம், 800 என்று அச்சு தெரிந்தது. ஈ7500 என்றால் 2.93, 3எம், 1066 என்றிருக்கும். தான் மொத்தமாக வாங்கியபோது அப்படித்தான் வந்தது என்றார். இருக்கலாம். வாதாட நான் போகவில்லை.

உண்மையில் தமிழ் ரைப் செய்ய இந்த ஒரு மெகாபைற் வித்தியாசம் தெரியாது. ஆனால் காசு கொடுத்தது மூன்றுக்கு. புரொசசரை மாற்றித் தருகிறேன் என்றார் கடைக்காரர். தங்கச்சி கொஞ்சம் யோசித்தார்.

"அது வேண்டாம் அண்ணை, அந்தக் காசுக்கு இன்னும் 2 கிகாபைற் றாம் போட்டுத் தாங்கோ. பற்றுச்சீட்டிலை ஈ5300 எண்டு திருத்தி எழுதுங்கோ."

எழுதிக் கொடுத்தார்.