செய்ததைக் காட்டக் கற்றுக்கொடுங்கள்: கோச்சடைக் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: பல்கலைக்கழக மானியக் குழு, தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறை, மதுரை வட்டாரப் பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வுக் குழுக்கள், எங்கள் நெறியாளர்கள்.

கோச்சடையிலும் காளவாசல், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கங்களிலும் அறை எடுத்துத் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள் நாங்கள். எங்கள் ஆய்வுக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன இவ்வட்டாரத்து மக்களும் எங்களோடு சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறார்கள். ஓர் ஆய்வை இன்னொருவர் கையில் எடுத்து, திரும்பச் செய்து, அதே விடை வருகிறதா என்று பார்க்க முடிய வேண்டும். அப்படி ஆய்வு செய்ய எங்களைப் பழக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. கீழே உள்ளவை அதன் கிளைகள்.

2019 டிசம்பரில் மானியக் குழு, ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை என்ற 2 கிரெடிட் பாடத்தை எல்லாப் பிஎச்.டி. மாணவருக்கும் கட்டாயமாக்கியது. அதை வரவேற்கிறோம். ஆனால் அதன் 30 மணி நேரம் பங்கிடப்பட்ட விதத்தைப் பாருங்கள்: தத்துவமும் அறமும் 3, அறிவியல் ஒழுக்கம் 5, வெளியீட்டு நெறி 7, கட்டணமில்லாத் திறந்த வெளியீடு 4, வெளியீட்டு முறைகேடு 4, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும் 7. இம்பாக்ட் ஃபேக்டரும் எச்-இண்டெக்ஸும் வரும் அலகுக்கு 7 மணி நேரம்! தரவுக் கோப்பை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி வைப்பதற்கும், கணக்குப் போட்ட நிரலைப் பத்திரப்படுத்துவதற்கும், ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கும் முன்பே பொதுவில் பதிந்து வைப்பதற்கும் தனியாக ஒரு மணி நேரம்கூட இல்லை. சாதகமான முடிவை மட்டும் பொறுக்கிச் சொல்வது தவறு என்று பாடம் சொல்கிறது. அப்படிப் பொறுக்காமல் இருப்பதற்கான கைவேலையைச் சொல்லித் தரவில்லை.

இந்தக் குறை எங்கே போய் முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்தால் எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருளை ஓட்டி அட்டவணை போட்டுத் தரும் ப்ராஜெக்ட் சென்டர்கள் ஊருக்குள் இருக்கின்றன. வைவாவில் அந்த அட்டவணை எப்படி வந்தது என்று கேட்டால் மாணவர் விழிக்கிறார். அவரைத் திட்டி என்ன பயன்? சொல்லிக்கொடுக்காத வேலையை அவர் வெளியே வாங்கினார்.

பிறர் சரிபார்க்கும்படி ஆய்வு செய்வது மதுரையில் முடியாத காரியம் இல்லை. நெல் உமியோ சோளத் தட்டையோ கண்ணில் பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது நம் வயற்காட்டு மக்களின் நோய். அதற்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது என்று அரவிந்த் கண் மருத்துவமனைகள் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 323 நோயாளிகளிடம் ஆராய்ந்தன. ஆய்வுத் திட்டம் பொதுப் பதிவேட்டில் இருந்தது. யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசினே மேல் என்று 2013இல் முடிவு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 500 பேரிடம் அவர்கள் நடத்திய இன்னோர் ஆய்வு, பாக்டீரியப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்குடன் ஸ்டீராய்டு சேர்ப்பதால் மூன்று மாதத்தில் பார்வையில் மொத்தமாகப் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. 'வித்தியாசம் இல்லை' என்பதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். எங்கள் துறைகளில் இப்படி ஒரு முடிவோடு சினாப்சிஸ் கொடுக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

ஆகவே கேட்கிறோம்.

ஒன்று. கோர்ஸ் ஒர்க்கில் செய்முறையாக ஒரு தாள் வையுங்கள். ஒவ்வொரு மாணவரும் தரவு திறந்திருக்கும் ஒரு கட்டுரையை எடுத்து, அதன் எண்களைத் தாமே மீண்டும் கணக்கிட வேண்டும். விடை பொருந்தாவிட்டால் ஏன் என்று எழுதுபவருக்கும் முழு மதிப்பெண் உண்டு. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் பழைய முடிவு நிலைத்தது. பொருந்தாமல் போவது மாணவரின் முட்டாள்தனம் ஆகாது. செலவும் பெரிதில்லை. ஆர், பைத்தான் நிரல்மொழிகள் இரண்டும் இலவசம்.

இரண்டு. முதலில் கைடுகளுக்குப் பயிற்சி கொடுங்கள். கைடுக்குத் தெரியாத ஒன்றை மாணவர் செய்தால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுகிறது.

மூன்று. ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் பிடிஎஃப் ஆக ஏறுகிறது. அதன் தரவு மாணவரின் லேப்டாப்போடு போகிறது. லேப்டாப் பழுதானால் அதுவும் போயிற்று. ஆய்வேட்டோடு தரவும் நிரலும் சேர வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் இதற்கென ஒருவரை நியமியுங்கள். அதுவரை ஜெனோடோ போன்ற இலவசக் களஞ்சியங்களில் ஏற்றப் பழக்குங்கள்.

நான்கு, எல்லாவற்றையும் திறந்து போடக் கூடாது. நோயாளியின் விவரம், ஒரு தெருவின் சாதிக் கணக்கு, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் நம்பிச் சொன்ன வாழ்க்கைக் கதை இவை யாருடையவை என்று அடையாளம் தெரியாமல் செய்யும் முறையைக் கற்பியுங்கள். ஒப்புதல் படிவம் படித்தால் புரியும் தமிழில் இருக்கட்டும். ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கச் சுருக்கம் அந்த ஊருக்குத் திரும்பப் போக வேண்டும். கையெழுத்திட்ட ஊர்க்காரர்கள் மிக அழுத்திக் கேட்டது இதைத்தான்.

ஐந்து, கீழடி. இங்கிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் அந்த அகழாய்வு மேடு எங்கள் எல்லோருக்கும் பாடம். 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி, மியாமி ஆய்வகச் சோதனையில் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டதைச் சொன்னது. ஆழம், ஆய்வகம், ஆண்டு மூன்றும் இருப்பதால் ஒப்புக்கொள்பவரும் மறுப்பவரும் ஒரே இடத்தில் நின்று பேச முடிகிறது. முதல் இரண்டு கட்ட அகழாய்வு பற்றி, அவற்றை நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் தந்தார். 2025 மே மாதம் திருத்தம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் தம் முடிவில் நின்றார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தச் சாசனத்தின் வேலை இல்லை. அறிக்கை, அடுக்குப் பதிவுகள், ஆய்வகத் தாள்கள், நிபுணர்களின் ஆட்சேபம், அதற்கான பதில் இவை அனைத்தையும் ஒன்றாக வெளியிடும்படி வலியுறுத்துங்கள். தொல்லியல் மாணவருக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

ஆறு. ஆய்விதழ்களுக்கான ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது ஒன்றிய அரசு. இதழ்களைப் படிக்கக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்கை, சரியாகச் செய்யப் பழக்கவும் கொடுக்கலாம்.

எந்தக் கோரிக்கை முடியாது என்பதையும் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். அடுத்த கோர்ஸ் ஒர்க் வகுப்பு தொடங்கும் முன் பதில் வர வேண்டும். வரும் பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் இந்தச் சாசனத்தோடு ஒட்டி வெளியிடுவோம்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவர்களும் ஊர்ப் பொதுமக்களும்
கோச்சடை, மதுரை