ஜூலி வால்டர்ஸ்: பொதுப்பணம் வளர்த்த திறமை

‘ஹாரி பாட்டர்’ படங்களைப் பார்த்தவர்களுக்கு அவர் ரானின் அம்மா மோலி வீஸ்லி. ‘மம்மா மியா’ (2008) பார்த்தவர்களுக்கு மெரில் ஸ்ட்ரீப்பின் தோழி ரோஸி. பிரிட்டனிலோ ஜூலி வால்டர்ஸ் என்ற பெயரின் எடையே வேறு. இரண்டு முறை ஆஸ்கர் பரிந்துரை. தொலைக்காட்சி நடிப்புக்காக நான்கு முறை, பிரிட்டனின் திரைக்கலை அமைப்பான பாஃப்டாவின் சிறந்த நடிகை விருது. 2014-ல் அந்த அமைப்பின் உயரிய கௌரவமான ஃபெலோஷிப். 2017-ல் ‘டேம்’ பட்டம். இவ்வளவையும் ஒரு தனிமனுஷியின் விடாமுயற்சிக் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால், அவருடைய திறமை மேடையேற வழிசெய்ததில் பொதுப்பணத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

கைகொடுத்த உதவித்தொகை

1950-ல் பர்மிங்காமில் பிறந்து, பக்கத்திலுள்ள ஸ்மெத்விக்கில் வளர்ந்தவர் வால்டர்ஸ். அப்பா கட்டுமானத் தொழிலாளி. வீடுகளுக்கு வண்ணம் பூசுவதும் அவர் வேலை. அயர்லாந்திலிருந்து வந்த அம்மா அஞ்சலகத்தில் எழுத்தர். பதினெட்டு வயதில் செவிலியர் பயிற்சிக்குப் போன மகள், ஒன்றரை ஆண்டில் அதை விட்டுவிட்டு நடிப்புப் படிக்க மான்செஸ்டர் பாலிடெக்னிக்குக் கிளம்பியபோது அம்மா கொதித்துப்போனார். நிலையான வேலையை உதறிவிட்டு நாடகம் போடப் போகிற பெண்ணைப் பெற்ற எவருக்கும் வருகிற கோபம்தான் அது.

ஆனால், பணம் குறுக்கே நிற்கவில்லை. 1962-ன் கல்விச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பட்டப்படிப்பு மாணவர்களின் கல்விக் கட்டணத்தைச் செலுத்துவதையும், குடும்ப வருமானத்தைப் பொறுத்து வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கொடுப்பதையும் உள்ளாட்சிகளின் கடமையாக்கியிருந்தது. நடிப்புப் பயிற்சிக்கும் பல உள்ளாட்சிகள் தம் விருப்பத்தின் பேரில் உதவித்தொகை வழங்கின. அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் அல்ல. வால்டர்ஸும் அப்படிப்பட்ட உதவித்தொகையில் படித்தவர்தான்.

அடுத்த படி லிவர்பூலின் எவ்ரிமேன் தியேட்டர். 1970-களில் அங்கே அவருடன் இருந்தவர்கள் பில் நைய், பீட் போஸ்லெத்வெய்ட், ஜொனாதன் பிரைஸ். எழுதியவர்கள் வில்லி ரஸ்ஸல், ஆலன் பிளீஸ்டேல். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இத்தனை பேர் ஒரே காலத்தில் ஒரு மாகாண நகரத்து நாடக அரங்கில் சேர்ந்தது தற்செயல் அல்ல. அரசு மானியத்தில் இயங்கிய அத்தகைய அரங்குகள்தான் அன்றைக்கு நடிகர்களின் பயிற்சிக்கூடம். அந்தக் குழுவினர் வேனில் ஏறி மதுக்கூடங்களுக்கே போய் நாடகம் போட்டார்கள். கையில் பீருடன் நிற்கும் பார்வையாளர் எந்த நொடியும் முதுகைத் திருப்பிக்கொள்ளலாம். வால்டர்ஸின் நகைச்சுவையில் உள்ள துல்லியமான நேர உணர்வுக்கு அந்த இரவுகளும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மாணவியும் ஆசிரியையும்

1980-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக வில்லி ரஸ்ஸல் எழுதிய ‘எஜுகேட்டிங் ரீட்டா’வில் வால்டர்ஸ்தான் ரீட்டா. சிகையலங்கார நிலையத்தில் வேலை செய்யும் அவள், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்க வருகிறாள். ரஸ்ஸலே பள்ளியை விட்டபின் சிகையலங்காரத் தொழில் செய்தவர். 1969-ல் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகமும் முன்தகுதி கேட்காத ஒரு பொது நிறுவனம். 1983-ல் நாடகம் படமானபோது பேராசிரியராக நடித்த மைக்கேல் கெய்ன், லண்டன் மீன்சந்தையில் சுமை தூக்கியவரின் மகன். அந்தப் படத்துக்காக வால்டர்ஸுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

இத்தகைய வெற்றிக்குப் பிறகு பலர் ஹாலிவுட்டில் குடியேறிவிடுவார்கள். வால்டர்ஸின் முக்கியமான வேலைகள் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடர்ந்தன. படத்துக்கு முன்பே, வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்த 1982-ல், பிளீஸ்டேலின் ‘பாய்ஸ் ஃப்ரம் தி பிளாக்ஸ்டஃப்’ தொடரில் வேலையிழந்தவனின் மனைவியாக வந்து, எதிர்த்து நில் என்று கணவனிடம் வெடித்தார். படத்துக்குப் பின் 1985-ல், நகைச்சுவைக் கலைஞர் விக்டோரியா வுட்டின் நிகழ்ச்சியில், தட்டும் தேநீருமாகக் கூனிக்குறுகி நடக்கும் கிழவி மிஸஸ் ஓவராலாக நாட்டையே சிரிக்கவைத்தார். அப்போது அவர் முப்பதுகளில்தான் இருந்தார். ஒரே நடிகையை இந்த இரு எல்லைகளுக்கும் போகவிட்டது பிபிசி-யின் இரண்டாவது அலைவரிசை.

இரண்டாவது ஆஸ்கர் பரிந்துரை ‘பில்லி எலியட்’ (2000) படத்துக்கு. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது நடக்கும் கதை. வால்டர்ஸ் அதில் பாலே ஆசிரியை. வாயில் சிகரெட்டும் முகத்தில் சலிப்புமாக இருப்பவர். சிறுவனிடம் 50 பென்ஸ் கட்டணம் கேட்கத் தவறாதவர். அவன் விடைபெறும்போதும் குரலில் கனிவு எட்டிப்பார்க்காமல் பார்த்துக்கொள்வார். பாசத்தை இப்படி அடக்கி வைத்ததால்தான் அந்தப் பாத்திரம் நம்மை அசைக்கிறது.

இரண்டு பரிந்துரைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். இரண்டுமே உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைக்குக் கலை எப்படிக் கிடைக்கிறது என்ற கதை. ரீட்டாவுக்கு அதைக் கொடுப்பது ஒரு நிறுவனம். பில்லிக்கோ ஒரு ஆசிரியையின் கண்ணில் பட்ட அதிர்ஷ்டமும், லண்டன் பயணத்துக்காக வேலைநிறுத்தத்தையே முறிக்கத் துணியும் அப்பாவின் தவிப்பும் வேண்டியிருந்தன. நிஜ பிரிட்டனும் ரீட்டாவின் வழியிலிருந்து பில்லியின் வழிக்குத்தான் நகர்ந்தது.

குறுகிய பாதை

1990-ல் உதவித்தொகையின் அளவு உயராமல் முடக்கப்பட்டு மாணவர் கடன் வந்தது. 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு கல்விக் கட்டணம். 2012-ல் உச்சவரம்பு 9,000 பவுண்டு. இடையில் நிறுத்தப்பட்டுத் திரும்பவும் கொண்டுவரப்பட்ட வாழ்க்கைச் செலவு மானியம், 2016-ல் இங்கிலாந்தில் புதிய மாணவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதே 2016-ல் கல்வி வாய்ப்புகளை ஆராயும் சட்டன் டிரஸ்ட் வெளியிட்ட ஆய்வு, பாஃப்டா வென்ற பிரிட்டிஷ்காரர்களில் 42% பேர் தனியார் பள்ளியில் படித்தவர்கள் என்றது. நாட்டில் அப்பள்ளிகளில் படிப்போர் சுமார் 7%. தன்னைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது நடிக்க வருவதில்லை என்று வால்டர்ஸும் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். வசதி படைத்தோரின் தனியார் பள்ளியான ஈட்டனில் படித்த எடி ரெட்மெய்னும் டாம் ஹிடில்ஸ்டனும் நல்ல நடிகர்கள்தாம். குறை அவர்களிடம் இல்லை.

திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடும் என்பவர்கள் ‘அடோலசன்ஸ்’ தொடரைக் காட்டலாம். அதில் நடித்த வாரிங்டன் சிறுவன் ஓவன் கூப்பர் 2025-ல், 15 வயதில், எம்மி விருது வென்றான். மகிழ்ச்சிதான். ஆனால் இது பில்லியின் வழி: தேர்வாளர்கள் கண்ணில் பட்ட ஒருவன் மேலேறினான். எவ்ரிமேனில் ஒரே காலத்தில் ஒரு கூட்டமே உருவானது. விதிவிலக்குகள் எல்லாக் காலத்திலும் கிடைப்பார்கள்; ஒரு தலைமுறை கிடைக்க ஏற்பாடு வேண்டும்.

கலைக்குக் கொடுக்கும் உதவித்தொகை வீண்செலவு என்று வாதிடுவோர் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். உதவி பெற்ற நூறு பேரில் எவர் ஜூலி வால்டர்ஸ் ஆவார் என்று எந்த அதிகாரியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பதினெட்டு வயதில் அவரே பர்மிங்காம் மருத்துவமனையின் பயிற்சிச் செவிலியர்தான். நூறு பேருக்கும் கொடுத்தால்தான் அந்த ஒருவர் கிடைப்பார். மற்ற 99 பேரும் ஆசிரியர்களாக, எழுத்தாளர்களாக, குறைந்தபட்சம் நல்ல பார்வையாளர்களாக இருப்பார்கள். அதை நஷ்டம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?