பத்தாவது பாஸ் பண்ணாதவர் கல்யாணத்துக்குப் போகக் கூடாதா?

சென்னைக்காரர்களுக்கு ஈசிஆர் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. பங்களா, ரிசார்ட், ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல். நம் சேரிகளில் அதே மூன்று எழுத்து பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை. பத்தாம் வகுப்பு தேறாதவர் என்று அரசாங்கம் வைக்கும் சூடு.

போன மாதம் எங்கள் குழுவில் மூன்று பேர் மலேசியாவுக்குக் கிளம்பினோம். எங்களோடு வந்த அக்காவுடைய தாத்தாவின் தம்பி, அந்தக் காலத்தில் கங்காணி பின்னால் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அவருடைய கொள்ளுப்பேத்திக்குக் கல்யாணம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து அங்கே 30 நாளுக்கு விசா வேண்டாம். பத்திரிகை, திரும்பி வரும் டிக்கெட், தங்கும் வீட்டு முகவரி எல்லாம் கையில். சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிய டிக்கெட்.

குடியேற்றக் கவுண்டரில் எங்கள் இருவரிடமும் "எத்தனை நாள் சார்? எத்தனை நாள் மேடம்?" அவ்வளவுதான். அக்காவின் பாஸ்போர்ட்டைப் புரட்டியதும் குரல் மாறியது. "எந்த ஏஜென்ட்டு அனுப்பினான்? எந்த வீட்டுக்கு வேலைக்குப் போற?" 43 வயதுப் பெண்ணுக்கு "போற". பத்திரிகையை நீட்டினோம், பிரிக்கவே இல்லை. ஒரு மணி நேரம் நிற்க வைத்து, விமானம் ஏற விடாமல் வெளியே அனுப்பினார்கள். ஏன் என்று எழுதிக் கேட்டோம். எழுதித் தரும் வழக்கம் இல்லையாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ளவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால்தான் முன் அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்கவோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போக அது தேவையில்லை. அக்காவை நிறுத்தியது சட்டம் அல்ல, முத்திரையைப் பார்த்ததும் வந்த சந்தேகம்.

பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். சுற்றுலாப் பயணி என்று சொல்லி ஏமாற்றி அனுப்பப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள், அதை நாம் மறுக்கவில்லை. அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள, 30 வயது ஆகாத பெண் இந்த நாடுகளுக்கு முறைப்படி வேலைக்குப் போகவே வழியில்லை. நேர்வழியை அடைத்துவிட்டு, குறுக்குவழியில் போகிறாள் என்று அவளையே பிடிக்கிறார்கள். பணம் வாங்கிய ஏஜென்ட் ஊரில் புது வண்டியில் சுற்றுகிறான்.

பாதுகாப்பு என்றால் எல்லோருக்கும்தானே? வருமான வரி கட்டுபவர் மூன்றாவதோடு பள்ளியை விட்டவராக இருந்தாலும் இந்த முத்திரை கிடையாது. அவருடைய மனைவிக்கும் கிடையாது. பணம் இருந்தால் ஏமாற மாட்டார் போலும்! அக்கா எட்டாவதோடு நின்றது படிப்பு வராமல் அல்ல. பள்ளிக்கூடம் ஊர்த்தெருவைத் தாண்டி இருந்தது. வயசுக்கு வந்த பெண்ணை அந்த வழியாக அனுப்ப வீட்டில் பயந்தார்கள். சாதி பறித்த படிப்பை, இல்லாத தகுதி என்று அரசு பாஸ்போர்ட்டில் பதிந்து வைத்திருக்கிறது.

2018 ஜனவரியில் ஈசிஆர்காரர்களுக்கு மட்டும் ஆரஞ்சு அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்போவதாக அறிவித்தார்கள். தூரத்திலிருந்தே ஆள் அடையாளம் தெரிய வேண்டுமாம். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே பின்வாங்கினார்கள். அட்டை நிறம் மாறவில்லை, உள்ளே இருக்கும் முத்திரை அப்படியே இருக்கிறது.

வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது நம் தாத்தாக்களிடம் யாரும் மார்க் ஷீட் கேட்கவில்லை. கங்காணி பெயர் எழுதிக்கொண்டு கப்பலில் ஏற்றினான்.

தோழர்களே, வீட்டில் இருக்கும் பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். பத்தாவது தேறியும், சான்றிதழ் வைக்காமல் விண்ணப்பித்ததால் முத்திரை வாங்கியவர்கள் நிறைய. அவர்கள் சான்றிதழோடு மறுபடி விண்ணப்பித்தால் நீக்கிவிடலாம். விமானத்திலிருந்து யாரையாவது திருப்பி அனுப்பினால் நேரம், கவுண்டர் எண், அதிகாரி சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றே குறித்து வையுங்கள். நாங்கள் அப்படித்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கிடையே எங்களில் ஒருவர் அக்காவிடம், தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிவிடேன் என்று யோசனை சொன்னார். அக்கா கோபமாகவே கேட்டார்: "பேத்தி கல்யாணத்துல சோறு திங்க நான் எதுக்குடா அல்ஜீப்ரா படிக்கணும்?"