தொழிலாளர் தினத்தின் கரி அடுப்பு

செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமையோடு வரும் மூன்று நாள் விடுமுறைக்கு அமெரிக்கக் குடும்பங்கள் முன்கூட்டியே ஆயத்தமாகின்றன. பின்முற்றத்து இரும்பு அடுப்பு துடைக்கப்படுகிறது. கரி மூட்டை வந்து சேர்கிறது. இறைச்சி முந்தைய இரவே மசாலாவில் ஊறுகிறது. கோடையை வழியனுப்பும் பார்பெக்யூ விருந்து அது. அந்நாளின் பெயர் தொழிலாளர் தினம் என்பது இந்தப் பரபரப்பில் எளிதில் மறந்துபோகிறது. சுவையையும் வட்டார அடையாளத்தையும் மட்டுமே பேசும் உணவு ஆய்வும் அதே மறதிக்குத் துணைபோகிறது. விருந்துக்குத் தேவையான நாள், கரி, இறைச்சி ஆகிய மூன்றையும் உழைப்பின் வரலாறாகவே வாசிக்க வேண்டும்.

முதலாவது, நாள். 1882 செப்டம்பர் 5 அன்று நியூயார்க் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலியை இழந்து ஊர்வலம் சென்றனர். ஊர்வலம் ஒரு பூங்காவில் குடும்பங்களின் கூட்டு விருந்தாக நிறைவுற்றது. ஆக, விருந்து அந்நாளுக்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கேளிக்கையன்று. ஓய்வு கோரிய போராட்டத்தின் ஓர் உறுப்பு. 1894 ஜூன் 28 அன்று குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லேண்ட் இதனைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அப்போது புல்மன் ரயில்பெட்டித் தொழிலாளரின் வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்தது. சில நாள்களிலேயே அதே அரசு அதனை ஒடுக்கச் சிகாகோவுக்குப் படையை அனுப்பியது.

இரண்டாவது, கரி. 1920களில் ஃபோர்டு நிறுவனம் தன் கார்களுக்கு வேண்டிய மரப்பாகங்களை மிச்சிகன் மாநிலத்தில் அறுத்தது. எஞ்சிய மரக்கழிவைக் கரிக்கட்டிகளாக்கித் தன் கார் விற்பனையாளர்கள் வழியாகவே விற்றது. பின்னாளில் கிங்ஸ்ஃபோர்டு என்று பெயர்பெற்ற கரி இதுதான். அதே நிறுவனம் 1926இல் தன் ஆலைத் தொழிலாளருக்கு வாரம் ஐந்து நாள், நாற்பது மணிநேர வேலையை நடைமுறைப்படுத்தியது. ஓய்வு நேரம் உள்ளவனே பொருள்களை வாங்குவான் என்பது ஹென்றி ஃபோர்டின் வாதம். தொழிலாளர் உரிமையாகக் கேட்ட ஓய்வு, இங்கே சந்தையின் தேவையாக உருமாறியது. வாரயிறுதியும் அதில் எரிக்கும் கரியும் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தது வெறும் தற்செயலன்று.

மூன்றாவது, இறைச்சி. சிகாகோ இறைச்சி ஆலைத் தொழிலாளரின் அவலத்தை அப்டன் சின்க்ளேர் 1906இல் ‘தி ஜங்கிள்’ நாவலாக்கினார். அதே ஆண்டில் வந்த சட்டங்கள் உண்பவரின் தட்டைத் தூய்மைப்படுத்தின. அறுப்பவரின் கைகளைக் காக்கவில்லை. 2020இல் கொரோனாத் தொற்று அவ்வாலைகளில் வேகமாகப் பரவியபோதும், அவை தொடர்ந்து இயங்க வேண்டும் என்ற ஆணை ஏப்ரல் 28 அன்று வெள்ளை மாளிகையிலிருந்து வந்தது. புலம்பெயர்ந்தோர் பெருமளவில் உழைக்கும் தொழில் அது.

உழைத்துக் களைத்த குடும்பம் ஒரு நாள் கூடி உண்பதைக் குறைசொல்லலாமா என்ற எதிர்வாதம் எழலாம். அந்தக் கூடுதலே போராடிப் பெற்றது. அதில் குறைகாண ஏதுமில்லை. கேள்வி அதன் எல்லையைப் பற்றியது. தனியார் நிறுவனங்கள் விடுமுறை நாளுக்கு ஊதியம் தர வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இன்றளவும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே கரி மூட்டைக்கு ரசீது போடும் கடைப் பணியாளருக்குத் தொழிலாளர் தினம் மற்றுமொரு வேலை நாளாகவே கழியக்கூடும். ஊதியத்துடன் கூடிய விடுமுறை சட்டப்படியான உரிமையாகும்வரை, 1882இல் நடந்த ஊர்வலத்தின் கோரிக்கை முற்றுப்பெறவில்லை.

இந்திய ஆய்வுலகுக்கு இது அயல்நாட்டு வேடிக்கையன்று. 1886இல் சிகாகோவில் எழுந்த எட்டுமணிநேர வேலைக்கான போராட்டமே உலகுக்கு மே தினத்தைத் தந்தது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் அதனைக் கொண்டாடினார். இங்கும் நீண்ட வாரயிறுதிகள் சுற்றுலாவாகவும் உணவகக் கூட்டமாகவும் பெருகிவருகின்றன. அவற்றை ஆராயும் மாணவர் உண்பவரிடம் மட்டும் பேட்டி கண்டு திரும்பினால் ஆய்வு பாதியிலேயே நிற்கும். அடுப்படியில் நிற்பவருக்கு அன்று விடுப்பு உண்டா, உழைத்ததற்கு இரட்டிப்புக் கூலி உண்டா என்ற கேள்விகளும் வினாநிரலில் இடம்பெற வேண்டும்.